கதவில் சிவப்புத் துண்டு இல்லாத நாள்

மே 10, சனி

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். மகன் சுந்தரம், மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் உட்கார்ந்திருந்தான். மருமகள் கோகிலவாணி. பேத்தி தர்ஷிகா. பள்ளிக்கூடத்து மேனேஜர் தண்டபாணி. ஹெட்மிஸ்டிரஸ் திலகவதி. மகள் மலர்விழியும் இருந்தாள். அவள் கருவேப்பிலை பறிக்க வந்தவள், கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதி வைப்பது என் வழக்கம். மாமனார் சாகும்போது பாகம் சொன்ன தோட்டத்தைப் பிரித்தபோது என் கொழுந்தன், “அன்னைக்கு நான் அங்க இல்லவே இல்லியே” என்று ஊர்க்காரர்கள் முன்னால் சொன்னான். இருந்தான். அவர் கட்டிலின் கால்மாட்டில், சட்டைப் பையில் வெற்றிலைக் கறையோடு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தெரியும் என்றேன். தெரிந்தால் போதுமா, எழுத்து எங்கே என்றார்கள். அஞ்சாவதோடு நின்றவளிடம் எழுத்து ஏது? அதற்குப் பிறகுதான் உரக்கடையில் சும்மா தருகிற டைரியை வாங்கி எழுத ஆரம்பித்தேன். கொழுந்தன் செத்துப் போனான். அவன் எழவுக்கு நான் போகவில்லை.

இன்றைய சேதிக்கு வருகிறேன். வாணி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். இத்தனை வருசமாக டெம்பரரிதான். டீச்சர் பிள்ளை என்பதால் தர்ஷிகாவுக்கு அங்கே பீஸ் இல்லை. அந்த வேலை போனால் இரண்டும் போகும். இந்த லீவில் எல்லாப் பாடத்தையும் லேப்டாப்பில் பதிந்து கொடுத்தால் நிரந்தர ஆர்டர் தருவதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஸ்கிரீன் ரெக்கார்டிங் என்று அதற்குப் பெயர். லேப்டாப்பில் வாணி கணக்குப் போடப் போட, அங்கே தெரிவது எல்லாம் அப்படியே படமாகிவிடும், அவள் பேசுவதும் சேர்ந்து பதியும். அக்கம்பக்கத்தில் இருமினால் அதுவும் பதியும்.

அதற்காக எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. வாணி பதிகிற நேரம் கதவுக் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் குக்கர் கிடையாது, மிக்ஸி கிடையாது, பேச்சு கிடையாது. நான் அரிசி களைவதைக்கூடக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் களைகிறேன். துண்டை எடுத்துவிட்டால் வாயைத் திறக்கலாம். பக்கத்து வீட்டுச் சரசுவுக்கும் இது தெரியும். அவள் வீட்டுச் சேவலுக்குத்தான் தெரியாது.

தண்டபாணி வந்ததும் வராததுமாக, “எல்லாம் முடிஞ்சிருச்சுங்களா டீச்சர், குடுத்தீங்கன்னா வாங்கிட்டுப் போயிருவேன்” என்றான்.

“ஆர்டரைக் குடுங்க சார், அடுத்த நிமிசம் குடுத்தர்றேன்” என்றாள் வாணி.

“நம்பிக்கை இல்லீங்களா?”

“போன வருசமும் இதே சோபாவுலதான் உக்காந்து சொன்னீங்க.”

தண்டபாணி சிரித்தான். என்னைப் பார்த்து, “ஆயா, நீங்களாவது சொல்லுங்க” என்றான். ஆயாவாம். எனக்கும் அவனுக்கும் தலைமுடி நரைத்ததில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவன் மை பூசுகிறான்.

திலகவதி காப்பி குடிக்கவில்லை. கிளம்பும்போது அடுப்படிக்கு வந்து வாணியின் கையைப் பிடித்து, “ஆர்டர் கையில வராம குடுத்தராத வாணி” என்று மெல்லச் சொன்னாள். இனிக்க இனிக்கப் பேசுகிறாள். தர்ஷிகாவுக்குக் காது குத்திய அன்று என் பாயசத்தை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடியவள்தானே இவள்.

வெளியே தண்டபாணி செருப்பைத் தேடிக்கொண்டே மலரிடம் ஏதோ பேசினான். அவள் பி.எட்.டைப் பாதியில் விட்டதைப் பற்றிக் கேட்டிருப்பான்.

மே 11, ஞாயிறு

வடகத்துக்கு மாவு கிளறினேன். மலரிடம் போனில் பேசினேன். அவளிடம் ஒருநாள் பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வாணி பாடங்களை எல்லாம் லேப்டாப்பிலேயே ஓர் இடத்தில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள் என்ற கதையும் பேச்சோடு பேச்சாக வந்தது.

மே 14, புதன்

இன்று இருந்தவர்கள்: நான், சுந்தரம், வாணி, தர்ஷிகா, இரவல் தேங்காய் கேட்டு வந்த சரசு. இவர்கள்தான்.

காலையில் துண்டு தொங்கியது. வாணி உள்ளே முன்பு சரியாக வராத விகிதப் பாடத்தைத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தாள். தர்ஷிகா சைக்கிளில் இருந்து விழுந்து முட்டி கிழிந்து வாசலில் அலறினாள். ரத்தம் ஒழுகியது. கைக்கு எது கிடைத்ததோ அதை எடுத்தேன். கதவில் தொங்கிய துண்டுதான் கிடைத்தது. இறுக்கிக் கட்டினேன். வாணி பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளும் சுந்தரமும் பிள்ளையை வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சரசுவும் வேறொரு வண்டியில் பின்னாலேயே போனாள். அவளுக்கு அங்கே என்ன வேலை?

 மலருக்குப் போன் போட்டு விழுந்த சேதியைச் சொன்னேன். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றேன். உடனே வந்துவிட்டாள். நல்ல பிள்ளை. பி.எட். பாக்கிப் பரீட்சைக்கு எதையோ பார்க்கவேண்டும் என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். நான் எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்டாள், சொன்னேன். மோர் குடித்துவிட்டுப் போனாள்.

தையல் போட்டுக்கொண்டு பொழுதோடு வந்தார்கள். வாணி லேப்டாப்பைப் பார்த்து, “அட கெரகமே, இது நிறுத்தாமயே ஓடிக்கிட்டு இருந்திருக்குதுங்க அத்தை” என்றாள். நிறுத்தினாள். பாடம் பாதியில் போய்விட்டது, நாளைக்குத் திரும்ப எடுக்கவேண்டும் என்றாள்.

துண்டை ஊறப்போட்டிருக்கிறேன். ரத்தக் கறை சுலபத்தில் போகாது.

மே 23, வெள்ளி

வடகம் காய்ந்துவிட்டது. மலர் வீட்டுக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்தேன். வாணி சரியாக வராத பாடங்களைத் திரும்ப எடுத்து, எட்டாம் வகுப்புக் கடைசிப் பாடம் வரை முடித்துவிட்டாள். தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுப் பால் கொடுத்தேன். “அத்தை, உங்களாலதான் முடிஞ்சுது. நீங்க இத்தன நாளும் வீட்டக் கட்டிக் காத்தீங்க” என்றாள். டம்ளரை வாங்கிக் கழுவப் போனேன்.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தார்கள். வாணி புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். டைம்டேபிளில் அவள் பெயர் இல்லையாம். தண்டபாணி, “பாடம் எல்லாம் கைக்கு வந்துருச்சுங்க டீச்சர். இனி கிளாஸ்ல போட்டுக் காட்ட ஒரு ஆளு போதும். தேவைப்பட்டா கூப்புடறோம்” என்றானாம்.

“யாரு குடுத்தது சார்?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

“உங்க வீட்ல இருந்துதானுங்க வந்துச்சு” என்றானாம்.

வாணி கைப்பையைக்கூடக் கழற்றி வைக்கவில்லை. அதைத் தோளில் மாட்டியபடியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் தர்ஷிகா வந்து வாசலிலேயே நின்றுகொண்டாள். அவளும் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

“அம்மா, நீ கிளாஸ்ல வந்த.”

“எங்க கண்ணு?”

“டிவில. புரிஞ்சுதான்னு கேட்ட. எல்லாரும் இல்ல டீச்சர்னு கத்துனோம். ரொம்ப நல்லது, அடுத்த கணக்குக்குப் போலாம்னுட்ட. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல.” பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நடுவுல அப்பத்தா இருமுனாங்க” என்றாள்.

வாணி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவில் துண்டு இல்லை. ஆனாலும் யாரும் சத்தம் போடவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வாணி சுந்தரத்தைக் கேட்டாள். என் காதுபடத்தான் கேட்டாள்.

“பூட்டு என்னன்னு உங்களுக்கு மட்டுந்தான் சொன்னேன்.”

“நான் எதுக்குப் புள்ள குடுக்கறேன்? எனக்கென்ன கெரகமா?”

“நீங்க பயந்தவருங்க. மேனேஜர் முறைச்சாலே குடுத்துருவீங்க.”

“தர்சி மேல சத்தியமா நான் தொடல.”

“பிள்ளைய இழுக்காதீங்க.”

இது தண்டபாணியின் வேலைதான் என்று நான் சொன்னேன். அன்றைக்கு வந்தவன் லேப்டாப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். திலகவதியும் சளைத்தவள் இல்லை, அடுப்படி வரை வந்தாளே, எதற்கு வந்தாள்? வாணி என்னைப் பார்த்தாள். “அவங்க இருந்தப்ப லேப்டாப்பு பீரோவுக்குள்ள இருந்துச்சுங்க அத்தை” என்றாள்.

அந்தப் பூட்டுக்கு ஒரு வார்த்தையும் நம்பரும் உண்டு. வாணி அதை அடிக்கும்போதெல்லாம் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி முணுமுணுப்பாள். எங்கள் எருமை பூரணியின் பெயரும் பழைய வீட்டு நம்பரும். பூரணியைப் பற்றி நான் சதா பேசுவதைக் கேட்டுக் கேட்டு வைத்தாளாம். என் காதில் ஒன்று விழுந்தால் எனக்கு மறக்காது. இது ஊருக்கே தெரிந்த விசயம்.

ஜூன் 5, வியாழன்

மலர் மைசூர்பாகோடு வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம், அதே பள்ளிக்கூடத்தில். வகுப்பில் டிவியைப் போடுவது, நிறுத்துவது, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது. புதுச் சுடிதார். முகத்தில் எத்தனையோ வருசம் கழித்து ஒரு வெளிச்சம். அவள் வீட்டுக்காரர் செல்போன் கடையை மூடிய பிறகு அவளை இப்படி நான் பார்த்ததே இல்லை.

வாணி அடுப்படியில் இருந்து வந்து, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “சந்தோசமுங்க” என்றாள். 

மலர் போனதும் சுந்தரத்திடம் திரும்பினாள். “தங்கச்சிக்காகத் தூக்கிக் குடுத்துட்டீங்க. வாயத் தொறந்து என்கிட்டக் கேட்டிருந்தாக்கூட நானே யோசிச்சிருப்பேன்.”

“அம்மா, நீயாச்சும் சொல்லும்மா. நான் குடுத்தனா?” என்றான் அவன்.

“இவன் குடுக்கல” என்றேன்.

“பின்ன மலருக்குப் பூட்டு எப்புடித் தெரியும்ங்க அத்தை?”

பால் பொங்கி வழிந்தது. நான் அடுப்பை அணைக்கப் போனேன்.

ஜூன் 6, வெள்ளி

சுந்தரம் மில்லிலேயே படுத்துக்கொள்கிறான். மைசூர்பாகை எறும்பு மொய்த்துவிட்டது, அப்படியே எடுத்துக் கொட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

வாணி பெட்டி கட்டுகிறாள். பழனியில் அவள் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம், தர்ஷிகாவை அங்கே சேர்த்துவிடுவாளாம். “சண்டை போட்டுக்கிட்டுப் போகலீங்க அத்தை. என் வேலையவே வித்த ஆளுகூட ஒரே வீட்ல இருந்து சோறு திங்க முடியலீங்க” என்றாள். அவள் சொல்கிற அந்த ஆள் சுந்தரம். தையல் பிரித்த முட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு தர்ஷிகா பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திரு என்றால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

பெட்டியோடு லேப்டாப்பும் போகப் போகிறது. பழையதையெல்லாம் அழித்துவிட்டால் பாரம் குறையும் என்று நான் சொன்னேன்.

“அழிச்சா எடந்தான் கூடும், பாரமெல்லாம் குறையாதுங்க அத்தை” என்றாள். இந்த வாரத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

“எடம் இல்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே கண்ணு. வேண்டாததையெல்லாம் அழிச்சுப் போடு. பாதியில நின்ன பாடம் அது இதுன்னு கெடக்கும்.”

“பாக்கறேங்க.”

வீடு கூட்டும்போது பழசைக் கழிப்பதில்லையா, அந்த மாதிரிதான் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாணி பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேண்டாததை அழித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதற்காகத்தான். “இதென்ன இவ்வளவு பெருசா ஒண்ணு கெடக்குது? ஓ, தர்சி விழுந்த அன்னைக்கி எடுத்தது” என்றாள்.

“அழிச்சிரு” என்றேன்.

“இருங்க அத்தை, பாதிப் பாடம் நல்லா வந்துருந்துச்சு. அத மட்டும் வெட்டி எடுத்துக்கறேன்.”

ஓடவிட்டாள். விகிதம். அரைப் படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அவள் குரல். பிறகு தர்ஷிகாவின் அலறல், நாற்காலி சரிகிற சத்தம், வண்டி கிளம்புகிற சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கணக்கு அப்படியே நிற்கிறது, அம்புக்குறியும் நின்ற இடத்தில் நிற்கிறது. சரசுவின் சேவல் கூவுகிறது. நான் போனில் பேசுவது தூரத்தில் கேட்கிறது. வாணி படத்தை வேகமாக முன்னால் தள்ளினாள். நான் நறுக்கிய பீன்ஸையே மறுபடி நறுக்கினேன்.

அம்புக்குறி அசைந்தது.

வாணி கையை எடுத்துக்கொண்டாள். அவள் தொடவில்லை, அது தானாகப் போகிறது. கணக்கை மூடியது. பாடங்கள் இருந்த இடத்தைத் தேடித் திறந்தது. பூட்டு கேட்டது. அப்போது மலரின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி:

“அம்மா, அண்ணி இதுக்கு என்னமோ பேரு போட்டு வெச்சிருக்காளே, உனக்குத் தெரியுமா?”

என் குரல்: “பூரணி. நம்ம எருமை பேருதான். அப்பறம் பழைய வீட்டு நம்பரு.”

“எப்படிம்மா இதெல்லாம் ஞாபகம் வெச்சிருக்க?”

“எனக்கா மறக்கும்?”

சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறேன். அது என்னுடைய சிரிப்புதான். வெங்காயம் உரிக்கிற சத்தமும் கேட்டது.

பிறகு ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. பாடம் ஒவ்வொன்றாக மலர் கொண்டுவந்த பென் டிரைவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் போன் மணி. ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருக்கிறாள். தண்டபாணியின் குரல்: “மூணு கிளாசும் வேணும்மா, ஒண்ணும் விட்றாத. ஸ்கூல் திறந்த வாரமே உனக்கு வேலை.”

“அங்க வேற யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்கிறான்.

“அம்மா மட்டுந்தான். அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க” என்கிறாள் மலர்.

பீன்ஸ் நறுக்கிய தட்டு என் மடியில் அப்படியே இருந்தது. வாணி அதை நிறுத்தினாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். என்னிடம் நாலாயிரம் வார்த்தை இருந்தது.

சுந்தரத்துக்குப் போன் போட்டு, “நீங்க ஊட்டுக்கு வாங்க. நான்தான் தப்பாப் பேசிட்டேன்” என்றாள். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அத்தை, இத எடுத்துக்கிட்டு, மேனேஜருக்கு மேல இருக்கற தாளாளரப் பாக்கப் போறேன். இத விட்டா எனக்கு வேற வழியில்லீங்க. போட்டுக் காட்டுனா மலர் பேரு போயிரும். உங்க குரலும் கேக்கும். உங்க குரல மட்டும் வெட்டி எடுக்கத் தெரியும் எனக்கு. ஆனா வெட்டுனா, வெட்டுனதுன்னு தெரிஞ்சுரும், நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லுங்க.”

“மலரு அதக் கேட்டது எதுக்குன்னு எனக்குத் தெரியாது கண்ணு.”

“அதை நான் கேக்கலீங்க அத்தை.”

பீன்ஸைக் கழுவினேன். தேங்காய் துருவினேன். பொரியலை இறக்கி மூடி வைத்துவிட்டு, “வெட்டாத. முழுசாப் போடு. நானும் வர்றேன்” என்றேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று தாளாளர் அறையில் இருந்தவர்கள்: தாளாளர் குழந்தைவேலு. மேனேஜர் தண்டபாணி. ஹெட்மிஸ்டிரஸ் திலகவதி. டிசி கேட்டு வந்திருந்த ஒரு பிள்ளையின் அப்பா, பெயர் தெரியாது, பச்சைக் கட்டம் போட்ட சட்டை. என் மகன் சுந்தரம். என் மருமகள் கோகிலவாணி. நான். என் மகள் மலர்விழி.

வாணி லேப்டாப்பை மேசையில் வைத்து ஓடவிட்டாள். என் சிரிப்பு அந்த அறையில் இன்னும் சத்தமாகக் கேட்டது. எனக்கா மறக்கும் என்றபோது பச்சைக் கட்டம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கேடயங்களை எண்ணினேன், எண்ணிக்கை மனதில் நிற்கவில்லை.

தண்டபாணியின் குரல் வந்ததும் தாளாளர் நிறுத்தச் சொன்னார். “குடும்பச் சண்டைய ஆபீசுக்குக் கொண்டாராதீங்கம்மா” என்றார்.

“குடும்பத்தப் பத்திப் பேச வரலீங்கய்யா. அத நாங்க ஊட்ல பேசிக்குவோம். இந்தக் குரலு யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க. இவரச் சொல்லச் சொன்னது நீங்களான்னும் சொல்லுங்க” என்றாள் வாணி.

தாளாளர் தண்டபாணியைப் பார்த்தார். தண்டபாணி மலரைப் பார்த்தான். “அந்தப் பொண்ணுதானுங்க தானா முன்வந்து...” என்று ஆரம்பித்தான்.

மலர் எழுந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். சின்ன வயதில் பாட்டுப் போட்டிக்கு மேடை ஏறும்போது இப்படித்தான் பாவாடை நுனியைச் சுற்றுவாள். “நானா எடுக்கல. எங்கம்மாதான் எல்லாத்தையும் சொன்னாங்க. பாடம் எங்க இருக்குன்னு சொன்னது அவங்க. பூட்டச் சொன்னது அவங்க. ஊட்ல யாருமில்லன்னு போன் பண்ணுனதும் அவங்கதான்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “என்னைப் பாதியில நிறுத்திப் போட்டு அண்ணியத்தான படிக்க வெச்ச? இப்ப மட்டும் எதுக்கு என்னைய இப்புடிப் பாக்கற?”

அது அப்படியில்லை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அடுத்துப் பேசியது திலகவதிதான். “ஐயா, இந்தப் பொட்டி புரிஞ்சுதான்னு கேக்குது. பிள்ளைக இல்லைங்குது. அது பாட்டுக்கு அடுத்த கணக்குக்குப் போகுது. ஆறாங் கிளாசுல ஒரு பிள்ளைக்கும் விகிதம் வரல. இதோ இவரு டிசி வாங்கத்தான் வந்து உக்காந்திருக்காரு. வெளிய இன்னும் ரெண்டு பேரு நிக்கறாங்க” என்றாள்.

பச்சைக் கட்டம், “டீச்சர் வந்தாங்கன்னா எனக்கு டிசி வேண்டாங்க” என்றார்.

தாளாளர் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நியாயத்துக்காக யோசித்தாரா, டிசிக்காக யோசித்தாரா, எனக்குத் தெரியாது. கடைசியில் ஆர்டரைத் தட்டச்சு அடித்துக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வாணியின் பாடங்களை வாணி சொல்லாமல் யாரும் போடக் கூடாது என்றும் சொன்னார். தண்டபாணியை நாளையில் இருந்து வரவேண்டாம் என்றார். மலரிடம் எதுவும் சொல்லவில்லை. அவளே எழுந்து போனாள். துப்பட்டா நாற்காலியில் மாட்டி இழுத்தது. சுந்தரம் போய் அதை எடுத்துவிட்டான். நான் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

வாணி பள்ளிக்கூடம் போனாள். பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி பீரோவில் அடுக்கியாயிற்று. சுந்தரத்திடம், “வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க” என்றாள். அவன் கேட்டது போதாதென்று இரண்டு பாக்கெட் வாங்கி வந்தான்.

தர்ஷிகா வந்து, “அப்பத்தா, இன்னைக்கு நிஜ அம்மா வந்தாங்க. புரியலன்னு சொன்னோம். மறுபடியும் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள்.

சாயங்காலம் வாணி புது வகுப்புக்கு ஒரு பாடம் பதிய உட்கார்ந்தாள். வரமுடியாமல் போகிற பிள்ளைகளுக்காகவாம். சிவப்புத் துண்டை நான்தான் கொண்டுபோய்க் கதவில் தொங்கவிட்டேன். எத்தனை தடவை அலசியும் அதில் ஓர் இடம் கருத்தே இருக்கிறது. உள்ளே அவள் பூட்டைத் திறக்கிற நேரம். லேப்டாப்பைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். உதடு அசையவில்லை. பூரணி பெயரை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. என்னிடம் எப்போதும் போல மரியாதையாகத்தான் இருக்கிறாள். சாப்பிட்டீங்களா அத்தை என்கிறாள். மாத்திரை போட்டீங்களா என்கிறாள்.

மலரிடமிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்த வடக டப்பா அலமாரியில் அப்படியே இருக்கிறது.

திலகவதியிடம் பாயசக் கணக்கு தீர்ந்தது. அவளுக்குச் சர்க்கரை வியாதியாம், இன்றுதான் வாணி சொன்னாள். தண்டபாணி எனக்கு யாரோ. அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு நேரமில்லை.

தாளாளர் அறையில், அத்தனை பேர் முன்னால் மலர் சொன்னது பொய் என்று எழுதத்தான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன். முதல் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் ஒருதரம் திரும்பப் படித்தேன். எழுதவில்லை.

ஆனாலும் ஒருத்தியை மன்னிக்க மாட்டேன். மலர்விழியை.